குஷ்டம் என்னும் சொல்லும் சொரியாசிஸ் என்னும் நோயும்: ஒரு வரலாற்று நோக்கு

காரைக்குடிக்கு அண்மையிலுள்ள சிற்றூர்ச் சபையொன்றில் நாம் போதகராகப் பணியாற்றிய காலத்தில், திருவிருந்து ஆராதனைகளின்போது ஒரு காட்சியைத் தொடர்ந்து கண்டோம். நடுத்தர வயதுடைய சபையார் ஒருவர் எப்பொழுதும் பின்வரிசையிலேயே அமர்வார். அருளுரை முடிந்ததும் எவரும் அறியாவண்ணம் எழுந்து சென்றுவிடுவார். ஒருநாள் அவர் இல்லத்திற்குச் சென்று காரணம் வினவினோம். அவர் மறுமொழி கூறாமல் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். முழங்கையில் செந்நிறத் தடிப்பு ஒன்றும், அதன்மேல் மீன் செதிலையொத்த வெள்ளிநிறப் பொருக்கும் இருந்தன. "ஒரே பாத்திரம் அல்லவா ஐயா? எனக்குப் பிறகு வாய் வைக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார்.

அவரைத் தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவர் அதனைச் சொரியாசிஸ் என்றும், அது எவரையும் தொற்றுவதன்று என்றும் கூறினார். அடுத்த ஞாயிறு, அவருடைய இசைவைப் பெற்று, அவர் பெயரைக் குறிப்பிடாமல், பிரசங்க பீடத்திலிருந்து இவ்வாறு அறிவித்தோம்: "நம்மில் சிலருடைய தோலில் காணப்படுவது குஷ்டமன்று, எவரும் அஞ்ச வேண்டுவதில்லை." அன்று அவர் பந்திக்கு வந்தார். கடமையைச் செவ்வனே முடித்துவிட்டோம் என்று எண்ணி மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியில் பாதி தவறானது என்பதைச் சில நாட்களுக்குள் அறிந்தோம். அதனை இக்கட்டுரையின் இறுதியில் கூறுவோம்.

குஷ்டம் என்ற ஒரு சொல் எவ்வாறு பல நோய்களை ஒன்றாகக் கட்டியது, அக்கட்டு எவ்வாறு அவிழ்ந்தது, அவிழ்த்த பின்னும் திருச்சபைக்கு எஞ்சியுள்ள கடமை யாது என்பவற்றை ஆராய்வதே இங்கு நம் நோக்கம்.

1. நோயின் இயல்பு

சொரியாசிஸ் என்பது உடலின் தற்காப்பு ஆற்றல் தன் உடலையே தாக்குவதால் உண்டாகும் நாட்பட்ட நோய். தோலின் அடியில் தோன்றும் அணுக்கள் முதிர்ந்து மேற்பரப்பை அடைந்து உதிர்வதற்கு இயல்பாக ஏறத்தாழ 4 வாரங்கள் ஆகும். இந்நோயில் அச்செயல் 3 முதல் 5 நாட்களுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செதில்களாகின்றன. முழங்கை, முழங்கால், தலை, முதுகின் அடிப்பகுதி ஆகியவை இதற்கு மிகுதியாக இடமாகின்றன. நகங்களில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் தோன்றுவதுண்டு. சிலருக்கு மூட்டுகளில் வீக்கமும் வலியும் சேர்கின்றன.

பரம்பரைக் கூறு இதற்கு உண்டு. ஆயினும் அக்கூறு உள்ளவர் அனைவருக்கும் நோய் வருவதில்லை. தொண்டைப் புண், தோலில் ஏற்படும் காயம், மனத்துயர், மதுப் பழக்கம், புகைப் பழக்கம், சில மருந்துகள் ஆகியவை மறைந்திருக்கும் நோயை வெளிப்படுத்துகின்றன, அல்லது மிகுவிக்கின்றன. குளிரும் வறண்ட காற்றும் பலருக்குத் துன்பத்தைக் கூட்டுகின்றன. ஆதலால் மார்கழி, தை மாதங்களில் முறையீடு மிகுதியாகக் கேட்கிறது. உலகில் குறைந்தது 10 கோடிப் பேர் இந்நோயினால் வருந்துகின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தொடுதலாலோ, உண்கலத்தாலோ, படுக்கையாலோ, திருவிருந்துப் பாத்திரத்தாலோ இது பரவுவதில்லை.

தொழுநோயோ முற்றிலும் வேறானது. அது ஒரு நுண்கிருமியால் வருவது, நரம்புகளைத் தாக்குவது. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குன்றும் அல்லது மரத்துப்போகும். சொரியாசிஸ் படையில் உணர்ச்சி குன்றுவதில்லை. அரிப்பும் எரிச்சலும் உண்டு. முன்னதில் வலியின்மையே தீங்கு. பின்னதில் ஓயாத உணர்ச்சியே தொல்லை. இயல்பில் இத்துணை மாறுபட்ட இரண்டும் மக்கள் எண்ணத்தில் ஒன்றானது எங்ஙனம்?

2. லேவியராகமம் கூறுவது யாது?

இவ்வினாவிற்கு விடை தேடுவோர் லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களினின்று தொடங்க வேண்டும். அங்கு வரும் எபிரெயச் சொல் சாராத் என்பது. அச்சொல் ஒரு தனி நோயின் பெயரன்று என்பதற்கு அவ்வதிகாரங்களே சான்று பகர்கின்றன. அது மனிதரின் தோலில் மட்டுமன்றி ஆட்டுமயிர் ஆடையிலும், பஞ்சுநூல் ஆடையிலும், தோற்பொருளிலும் காணப்படுகிறது (லேவி. 13:47-59). வீட்டின் சுவர்களிலும் பச்சையும் சிவப்புமான குழிகளாகத் தோன்றுகிறது (லேவி. 14:34-53). ஆடைக்கும் சுவருக்கும் தொழுநோய் வருவதில்லை. பூஞ்சணம் பிடித்த துணியையும், செதில் உதிரும் தோலையும் ஒரே பெயரால் அழைத்த வழிபாட்டுத் தூய்மைச் சொல் இது என்பதே தெளிவு.

மேலும், நோயானது தலை முதல் கால் வரை உடல் முழுவதையும் மூடி, முழுவதும் வெண்மையாகிவிட்டால், அம்மனிதன் தீட்டற்றவன் என்று ஆசாரியன் தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம் (லேவி. 13:12, 13). தொழுநோயை மனத்திற்கொண்டு படிப்பவர்க்கு இது புதிராகவே இருக்கும். நரம்பின் அழிவு, உணர்ச்சியின்மை, விரல்களின் சிதைவு ஆகிய தொழுநோயின் தனிக்குறிகளில் ஒன்றேனும் இவ்வதிகாரங்களில் கூறப்படவில்லை.

மோசேயின் கை, மிரியாமின் உடல், கேயாசியின் உடல் ஆகியவை 'பனியைப் போல' ஆயின என்ற ஒப்புமையையும் இங்கு நோக்க வேண்டும் (யாத். 4:6, எண். 12:10, 2 இராஜா. 5:27). எபிரெய மூலத்தில் பனி என்ற ஒப்புமை உண்டே தவிர, வெண்மை என்ற சொல் இவ்விடங்களில் இல்லை. உறைபனியை அறியாத நம் நாட்டார்க்காக 'உறைந்த மழை' எனப் பெயர்த்த நம் முன்னோர் வெண்மையையும் சேர்த்தனர். ஆனால் ஒப்புமை நிறத்தைக் குறித்ததன்று, உதிரும் செதில்களைக் குறித்ததே என 1975இல் ஹல்ஸ் என்ற அறிஞர் வாதிட்டார். சாராத் என்ற தொகுதிக்குள் சொரியாசிஸும் அடங்கும் என்பது அவர் முடிபு. இதனை அறுதியிட்டு நிறுவுதல் இயலாது. ஆயினும் விவரிக்கப்படும் குறிகளோடு தொழுநோயைவிடச் சொரியாசிஸ் நெருங்கி நிற்கிறது என்பதை மறுத்தல் அரிது.

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டிற்கும் பங்கு உண்டு என்பதை நம் மாணவர் பலர் அறியார். செங்கற்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையத்தில் பணியாற்றியவரும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவருமான டாக்டர் ராபர்ட் காக்ரேன், வேதாகமத்தில் வரும் 'குஷ்டம்' நாம் இன்று அறியும் தொழுநோயன்று என்னும் கருத்தை 1961இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஆயிரக்கணக்கான தொழுநோயாளரின் தோலைத் தம் கண்ணால் கண்டவர் அவர். அவ்வனுபவத்தோடு லேவியராகமத்தைத் திறந்தபோது, தாம் நாள்தோறும் கண்ட நோயை அங்கே அவர் காணவில்லை.

அகழ்வாராய்ச்சியும் சில செய்திகளைச் சேர்த்துள்ளது. தொழுநோயின் சுவடு கொண்ட மிகப் பழைய எலும்புக்கூடுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே, இராஜஸ்தானத்தின் பாலாதல் என்னுமிடத்தில் கிடைத்தது. அது ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2009இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதே ஆண்டில், எருசலேமின் அக்கெல்தாமாப் பகுதியிலுள்ள முதல் நூற்றாண்டுக் கல்லறையொன்றில் தொழுநோய்க் கிருமியின் மரபுக்கூறு கண்டறியப்பட்ட செய்தியும் வெளிவந்தது. ஆகவே, ஆண்டவர் இயேசு தொட்டுச் சுகமாக்கியவர்களுள் தொழுநோயாளரும் இருந்திருக்கலாம். சொரியாசிஸ் உடையோரும் இருந்திருக்கலாம். சுவிசேஷகர் அவர்களைப் பிரித்துக் காட்டவில்லை. அவரும் பிரித்துத் தொடவில்லை.

3. லெப்ரா என்ற சொல்லின் பயணம்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவில் நியாயப்பிரமாண நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், சாராத் என்பதற்கு லெப்ரா என்ற சொல்லைத் தேர்ந்தனர். அது செதில் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. செதில் உதிரும் தோல்நோய்களையே கிரேக்க மருத்துவர் அச்சொல்லால் வழங்கினர். ஆதலின் அத்தேர்வு பொருத்தமானதே. விரல்களைச் சிதைக்கும் தொழுநோயைக் கிரேக்க மருத்துவர் பிற்காலத்தில் யானைத்தோல் நோய் என்ற பொருளுடைய வேறு பெயரால் குறித்தனர்.

குழப்பம் இடைக்காலத்தில் முதிர்ந்தது. 11ஆம் நூற்றாண்டு முதல் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, தொழுநோயைக் குறித்த அரபுச் சொல்லுக்கும் லெப்ரா என்பதையே இட்டனர். அன்றுமுதல் ஒரு சொல்லுக்குள் இரு நோய்கள் குடியேறின. மருத்துவ நூலிலும் வேதாகமத்திலும் ஒரே சொல்லைக் கண்டவர், லேவியராகமத்தின் விதிகளைத் தொழுநோயாளர்மேல் சுமத்தினர். தொழுநோயின் அச்சத்தை லேவியராகமத்தினுள் ஏற்றினர். ஐரோப்பாவின் தொழுநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டோருள் சொரியாசிஸ் உடையோரும் இருந்திருக்க வேண்டும் என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

இக்கட்டு அவிழ நெடுங்காலம் ஆயிற்று. இலண்டனில் ஏழைகளுக்கான இலவச மருத்துவச் சாலையில் பணியாற்றிய ராபர்ட் வில்லன், 1808இல் வெளியான தம் நூலில் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். எனினும் லெப்ரா என்ற பெயரை முற்றும் கைவிட்டாரல்லர். 1841இல் வியன்னாவின் பெர்டினாண்ட் ஹெப்ரா, வில்லன் இரண்டாகக் கூறியவை ஒரே நோயே என்றும், அதற்குரிய பெயர் சொரியாசிஸ் என்றும் நிறுவி, லெப்ரா என்ற பெயரை அதனின்று நீக்கினார். 1873இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் அர்மாவர் ஹான்சன் தொழுநோயின் கிருமியைக் கண்டறிந்தார். அத்துடன் மருத்துவ உலகில் இரு நோய்களும் முற்றிலும் பிரிந்தன. மக்கள் மனத்தில் அவை பிரிந்தனவா என்பது வேறு வினா.

4. தமிழில் குஷ்டமும் தொழுநோயும்

கிரேக்கத்தில் லெப்ராவுக்கு நேர்ந்ததே தமிழில் குஷ்டத்திற்கும் நேர்ந்தது. வடமொழி மருத்துவ நூல்களில் குஷ்டம் என்பது தோல்நோய்கள் பலவற்றிற்கும் பொதுப்பெயர். சரகர் 7 பெருங்குஷ்டங்களும் 11 சிறுகுஷ்டங்களுமாக 18 வகை கூறுவார். அவற்றுள் ஒன்றான ஏககுஷ்டம் மீன் செதிலைப் போன்றது என விவரிக்கப்படுகிறது. அதனையே சொரியாசிஸ் என இக்கால ஆயுர்வேதியர் பலர் கொள்கின்றனர். தமிழ்ச் சித்த மருத்துவமும் குட்டம் என்ற தலைப்பின்கீழ்ப் பதினெட்டு வகைகளை எண்ணுகிறது. இன்றைய சித்த மருத்துவர் சொரியாசிஸைக் காளாஞ்சகப்படை என்ற பெயரால் தனித்துக் குறிப்பர். நிறம் மட்டும் மாறுவதும் எவர்க்கும் தீங்கிழைக்காததுமான வெண்புள்ளிக்குங்கூட வெண்குஷ்டம் என்ற பெயரைச் சுமத்தி மக்கள் நெடுங்காலம் வழங்கினர் அல்லவா?

ஆயின் தொழுநோய் என்ற தமிழ்ச் சொல்லின் வரலாறு வேறு. அது பழமையானது, பொருளில் குறுகியது. நாலடியாரில் தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில், நண்டின் காலை ஒடித்துத் தின்றவனுக்கு மறுபிறப்பில் விரல்கள் அழுகும் தொழுநோய் வரும் என்று கூறப்படுகிறது. விரல் அழுகுதல் என்ற குறிப்பினால் அது இன்றைய தொழுநோயே என்பது விளங்கும். அந்நோயைத் தீவினையின் பயனாகக் காணும் எண்ணமும் அங்கேயே தெளிவாக உள்ளது. வேதாகமம் தமிழில் வருவதற்கு மிக முன்னரே, தோலின் நோய்க்கும் ஒருவனுடைய ஒழுக்கத்திற்கும் முடிச்சுப் போடும் வழக்கம் இம்மண்ணில் இருந்தது என்பதனையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும். பழி முழுவதையும் மொழிபெயர்ப்பாளர்மீது ஏற்றுதல் நேர்மையாகாது.

பவர் ஐயரும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் முழுமையாக வெளிவந்தது. நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் அதன் வழிவந்ததே. அதில் சாராத் என்பதற்குக் குஷ்டம், குஷ்டரோகம் என்ற சொற்களே இடம்பெற்றன. ஆண்டைக் கவனிக்க. ஹான்சனின் கண்டுபிடிப்பிற்கு 2 ஆண்டுகள் முந்தியது அது. அக்காலத்தில் குஷ்டம் என்பது இன்னும் பதினெட்டு வகைகளையும் அடக்கிய அகன்ற சொல். அந்த அளவில் அத்தேர்வைக் குறைகூற இயலாது. அகன்ற எபிரெயச் சொல்லுக்கு அகன்ற தமிழ்ச் சொல்லே அமைந்தது. பின்னர்ச் சொல்லின் பொருள் சுருங்கியது. மருத்துவமனையும் சட்டமும் செய்தித்தாளும் குஷ்டம் என்றால் தொழுநோய் ஒன்றே எனப் பழக்கின. நூலின் எழுத்து மாறவில்லை. வாசிப்போர் செவி மாறியது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் குஷ்டத்தை விடுத்துத் தொழுநோய் என்பதைக் கைக்கொண்டது. குஷ்டரோகி என்ற சொல் வசையாகிவிட்ட நிலையில், தொழுநோயாளர் என்ற மதிப்புள்ள சொல்லை இட்டது பாராட்டத்தக்கதே. ஆனால் மருத்துவ நோக்கில் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. அகன்ற சொல் போய், நாலடியார் காலம்முதல் ஒரே நோயைக் குறித்த குறுகிய சொல் வந்தமர்ந்தது. லேவியராகமம் 13க்குத் தொழுநோய் என்ற சொல், குஷ்டத்தைவிட மரியாதையில் உயர்ந்தது, பொருளில் தொலைவானது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில 1970 முதல் 'கொடிய தோல்நோய்', 'அஞ்சத்தக்க தோல்நோய்' எனவும், பின்னர் 'தீட்டுப்படுத்தும் தோல்நோய்' எனவும் மாற்றிக்கொண்டன. இனி வரும் தமிழ்த் திருப்புதல்களில் 'தீட்டுக்குரிய தோல்நோய்' போன்றதொரு தொடரை ஆராயலாம் என்பது நம் கருத்து. அதுகாறும் வாசிப்பிற்கு முன் ஓரிரு வாக்கியங்களில் விளக்கம் கூறுதல் போதகரின் கடன்.

5. நம் மாவட்டமும் சட்டமும்

செட்டிநாட்டுச் சிற்றூர்கள் பல அடங்கிய இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்தினின்று பிரிந்தது. இம்மாவட்டத்தின் மானாமதுரையில்தான் தயாபுரம் தொழுநோய் மருத்துவமனை உள்ளது. அமெரிக்கன் மதுரை மிஷனின் பணியாலும் தொழுநோயாளர் மிஷனின் உதவியாலும் 1913இல் அது தோன்றியது. 'பெருவியாதிக்காரர்' என்று ஊர் ஒதுக்கியோர்க்கு அடைக்கலம் தந்த இடத்திற்குத் தயையின் ஊர் என்று பெயரிட்டமை கருதத்தக்கது.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்த சட்டத்தையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், புண்பட்ட நிலையில் பிச்சையெடுக்கும் தொழுநோயாளரைப் பிடியாணையின்றிக் கைதுசெய்து விடுதிகளில் வைக்க இடமளித்தது. ஆயினும் அச்சட்டம் மருத்துவ அதிகாரியின் சான்றையும் வேண்டியது. தோலைக் கண்ட மாத்திரத்தில் ஊரார் முடிவுசெய்த வழக்கத்திற்கு எதிராக, இன்ன நோய்தான் என்று சோதித்தறியும் வழக்கம் இவ்வாறு மெல்ல இடம்பெற்றது. உணர்ச்சி உண்டா இல்லையா என்று தொட்டுச் சோதிக்கும் எளிய முறையே இரு நோயாளரையும் பிரித்தறியும் முதற்படியாக இன்றும் உள்ளது.

1940களின் இறுதியில் டாப்சோன் மருந்து தமிழ்நாட்டில் வழக்கிற்கு வந்தது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையை வகுத்தபின், தொழுநோய் முற்றிலும் குணமாகும் நோயாயிற்று. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அது பிறர்க்குப் பரவும் தன்மையை இழக்கிறது. சட்டமோ மெல்லவே நடந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் உள்ளிட்ட ஐந்து சட்டங்களில் தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாகக் கொண்ட விதி 2019இல்தான் நீங்கியது. மருந்து குணமாக்கிய பின்னும் சட்டம் நெடுங்காலம் 'தீட்டு' என்றே கூறி நின்றது.

6. சொரியாசிஸ் சிகிச்சையின் வரலாறு

தொழுநோய்க்கு முற்றும் தீரும் வழி கிடைத்தது. சொரியாசிஸுக்கு அஃது இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் நன்கு அடக்கிவைக்கும் வழிகள் பல உள. அவற்றின் வரலாற்றில் நம் நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது.

19ஆம் நூற்றாண்டில் கோவாவிலும் பம்பாயிலும் படைநோய்க்குக் 'கோவாத் தூள்' என்ற மஞ்சள்நிறப் பொடி விற்கப்பட்டது. அது பிரேசில் நாட்டு மரமொன்றின் உட்பகுதியினின்று எடுக்கப்பட்டு, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1876 அளவில் இலண்டன் மருத்துவர் பால்மன்னோ ஸ்குவயர், படை என்று தவறாக எண்ணப்பட்ட சொரியாசிஸ் ஒன்று அப்பொடியால் தணிந்ததைக் கண்டார். அதனை அடியொற்றி 1916இல் ஜெர்மனியில் உருவான டித்ரனால் என்னும் மருந்து பல பதின்மங்கள் உலகெங்கும் வழங்கியது. நோயைப் பிழையாக இனங்கண்டதால் நன்மை விளைந்த அரிய நிகழ்ச்சி இது.

மற்றொன்று கார்போகரிசி. வெண்புள்ளிக்கு இவ்விதையைப் பூசி வெயிலில் நிற்கும் வழக்கம் இந்நாட்டில் பழமையானது. 1933இல் இந்திய வேதியியலார் இவ்விதையினின்று சோரலென் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அவ்வினத்து மருந்தை உட்கொண்டு புறஊதாக் கதிரை ஏற்கும் சிகிச்சை, 1974இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து சொரியாசிஸுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பின்னர் மருந்தின்றியே குறுகிய அலைவரிசைக் கதிரைச் செலுத்தும் எளிய முறை வந்தது. சித்த மருத்துவத்தில் வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்து, கருநீலமாக மாறிய பின் பூசும் தைலம் பெயர்பெற்றது.

இன்று மருத்துவர் நோயின் அளவிற்கேற்பச் சிகிச்சை தருகின்றனர். குறைந்த அளவாயின் தோலை ஈரப்பதத்துடன் வைக்கும் களிம்பு, ஸ்டீராய்டு களிம்பு, வைட்டமின் டி சார்ந்த களிம்பு, நிலக்கரித் தார் ஆகியவை போதும். மிகுந்தால் கதிர்ச் சிகிச்சையும் மெதோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரைகளும் தேவைப்படும். நோயைத் தூண்டும் புரதங்களை மட்டும் தடுக்கும் ஊசி மருந்துகள் இந்நூற்றாண்டில் வந்துள்ளன. அவை மிகுந்த பயன் தருவன. விலையோ எளியோர்க்கு எட்டாதது.

சபையார் நம்மிடம் வினவும்போது சொல்லத்தக்க எச்சரிக்கைகள் இரண்டு உண்டு. மெதோட்ரெக்ஸேட் இந்நோய்க்கு வாரம் ஒருமுறை மட்டுமே கொள்ளத்தக்கது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்தாகும். ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ திடீரென நிறுத்தினால் உடல் முழுவதும் சிவந்து சீழ்க்கொப்புளம் தோன்றக் கூடும். ஒரே வாரத்தில் வேரோடு அறுப்போம் என்று பெயரற்ற பொடிகளை விற்போரிடம் சிக்காதிருக்குமாறு அன்போடு கூறவேண்டும்.

7. ஆசாரியனின் பணி

இனி, முன்னர்க் கூறாது விட்டதைக் கூறுவோம். அந்த ஞாயிறு ஆராதனைக்குப்பின், சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் நம்மைத் தனியே கண்டார். இளமையில் தொழுநோயுற்று, மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, முற்றிலும் குணமானவர் அவர். எனினும் இரு விரல்கள் மடங்கியே நின்றன. "அவருக்கு இருப்பது குஷ்டமில்லை, ஆகையால் பயப்பட வேண்டாம் என்று சொன்னீர்கள், ஐயா. குஷ்டமாயிருந்தால்?" என்றார். வேறொன்றும் அவர் கூறவில்லை. நாம் மறுமொழி இன்றி நின்றோம்.

மருத்துவத்தில் நாம் சொன்னது சரியே. ஆனால் ஒருவரை உள்ளே அழைக்கும் பொருட்டு மற்றொருவரை வெளியே நிறுத்திவிட்டோம். 'இது குஷ்டமன்று' என்ற ஆறுதல், குஷ்டமாயின் ஒதுக்கலாம் என்ற தீர்ப்பை உள்ளடக்கியது. சொரியாசிஸ் உடையோரின் சார்பில் பேசும் நல்லோர் பலரும் அறியாமலே இத்தவற்றைச் செய்கின்றனர். இரு நோய்களையும் பிரித்தறிதல் மருத்துவத்திற்கு இன்றியமையாதது. பந்தியில் இடமளிப்பதற்கு அப்பிரிவினை தேவையன்று.

லேவியராகமத்தை மீண்டும் படித்தபோது மூன்று உண்மைகள் நமக்குப் புலப்பட்டன. முதலாவது, ஆசாரியன் அவசரப்படவில்லை. ஐயம் நேர்ந்தால் 7 நாள் காத்திருந்து மீண்டும் பார்த்தான். பின்னும் 7 நாள் காத்திருந்தான். தோலைக் கண்டவுடன் தீர்ப்பளிக்கும் ஊர்வாய்க்கு இது நேர் எதிரானது. இரண்டாவது, 14ஆம் அதிகாரம் முழுவதும் ஒதுக்கப்பட்டவன் திரும்பிவரும் வழியையே கூறுகிறது. ஆசாரியன் பாளயத்திற்குப் புறம்பே அவனிடம் செல்கிறான். ஏழைக்கும் எட்டும்படி காணிக்கை குறைக்கப்படுகிறது. மூன்றாவது, திரும்பிவருபவனுடைய வலது காதின் மடலிலும், வலது கையின் பெருவிரலிலும், வலது காலின் பெருவிரலிலும் இரத்தமும் எண்ணெயும் பூசப்படுகின்றன (லேவி. 14:14-17). ஆரோனும் அவன் குமாரரும் ஆசாரியராக அபிஷேகம் பெற்றபோது இரத்தம் பூசப்பட்ட அதே மூன்று இடங்கள் இவை (லேவி. 8:23, 24). புறம்பே நின்றவன் சலுகையாக உள்ளே விடப்படவில்லை. ஆசாரியனுக்குரிய அடையாளத்தோடு வரவேற்கப்பட்டான்.

மிரியாம் 7 நாள் பாளயத்திற்குப் புறம்பே இருந்தபோது, அவள் திரும்பும்வரை மக்கள் பிரயாணப்படாமல் காத்திருந்தனர் என்றும் வாசிக்கிறோம் (எண். 12:15). ஒருத்தியின் தோலுக்காக ஒரு சமுதாயம் முழுவதும் நின்றது.

அடுத்த திருவிருந்தில் நாம் பிரசங்க பீடத்திலிருந்து நம் கூற்றைத் திருத்திக்கொண்டோம். சொரியாசிஸ் தொற்றுவதன்று என்பதையும், சிகிச்சை பெறும் தொழுநோயாளரால் எவர்க்கும் தீங்கில்லை என்பதையும் கூறினோம். இவ்விரண்டும் மருத்துவச் செய்திகள் என்றும், பந்திக்கு வருவோரின் தகுதி இவற்றைச் சார்ந்ததன்று என்றும் சேர்த்துக் கூறினோம். அன்று முதலாவது பந்தியில் மூத்தவர் முழங்காற்படியிட்டார். சட்டைக் கையை நீளமாக இறக்கியிருந்த மற்றவர் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து அவர் அருகே முழங்காற்படியிட்டார். பாத்திரம் மடங்கிய விரல்களுக்குச் சென்று, அங்கிருந்து செதில் படிந்த கைக்குச் சென்றது.